முதலாளி முகத்தை அச்சடித்த புரோகிராம்

ஆகஸ்ட் 2, புதன்

காலை பத்து மணிக்கு ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். தாடி, ஒரு காதில் வளையம், கழுத்தில் தொங்கும் அட்டை. கூரியர்காரன் என்று நினைத்து, "எங்கப்பா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டேன். உதவிப் பேராசிரியராம். பெயர் இசக்கிதுரை. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் இருக்கிறார்கள்.

பைபாஸ் ரோட்டில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறை. நூலகத்தில் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்ததில் 1988-ஆம் வருடத்து டெல்லிப் பத்திரிகை ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறான். அதில் ஆறு பக்கத்துக்கு என் பெயர் போட்ட 'முகம்' புரோகிராம் அச்சாகியிருக்கிறது. ஒருவருடைய முகத்தை எழுத்து, புள்ளி, நட்சத்திரக் குறி இவற்றை மட்டுமே வைத்துத் தாளில் அச்சடித்துக் காட்டும் புரோகிராம். எங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கு எழுத்தை விட்டால் வேறு எதுவும் அடிக்கத் தெரியாத காலம் அது. இன்றைக்குக் கைபேசியைத் தட்டினால் ஆயிரம் படம் வருகிறது. அதில் அலுத்துப்போனவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். 'ரெட்ரோ' என்கிறான். பழசு என்று சொன்னால் கூட்டம் வராது போலிருக்கிறது.

"சார், இந்த எஸ். கோமதிநாயகம் நீங்கதானா சார்?"

நான் வாயைத் திறக்குமுன் வடிவு காப்பியோடு வந்துவிட்டாள். "இவங்களேதான் தம்பி. மில்லுல முதலாளி அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் முகத்தையே கம்ப்யூட்டர்ல அச்சடிச்சுக் குடுத்தாங்கல்லா? அதப் பாத்துட்டுத்தான் மேனேஜராவே ஆக்குனாங்க. மெட்ராஸுக்கு ஆறு மாசம் படிக்க அனுப்புனாங்க."

முப்பத்தைந்து வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை கல்லூரியில் பழைய மென்பொருள் கண்காட்சி. அந்தப் புரோகிராமை மேடையிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். எழுதிய கதையைப் பேச வேண்டும். சால்வை உண்டு. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. மெக்கானிக் வந்து, ஏற்கெனவே எரிந்ததை எரிந்துவிட்டது என்று உறுதி செய்துவிட்டு, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனான்.

பத்திரிகையின் ஜெராக்ஸைப் பார்த்து மடிக்கணினியில் அடிக்கத் தொடங்கினேன். பழைய பேஸிக் மொழி ஓடுவதற்கு இசக்கிதுரை என்னவோ ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அறுபது வரி அடிப்பதற்குள் கை கடுத்துவிட்டது. நான் டைப்பிஸ்ட் அல்ல. எங்கள் காலத்தில் மேனேஜர் அடிப்பதில்லை, அடிக்க ஆள் இருந்தார்கள்.

மைதானத்தில் நடைப்பயிற்சிக் கூட்டத்துக்கு அதற்குள் செய்தி போயிருக்கிறது. ஓய்வு பெற்ற தாசில்தார், "என்னவே, ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டீராமே" என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பட்டா வாங்கும் இடம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எல்லா வரியும் அடித்து முடித்தாயிற்று. முதுகு போயிற்று.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஓட்டிப் பார்த்தேன். ஒரு விநாடி யோசித்துவிட்டு, '310-ஆம் வரியில் சொல்லியிருக்கும் வரி எண் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிட்டது. 310 என்ன சொல்கிறது என்றால், 640-க்குப் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வா என்கிறது. ஜெராக்ஸில் 630-க்கு அடுத்தது 690. நடுவில் ஐந்து வரி இல்லை.

டெல்லிக்காரர்களின் அச்சுக் கோளாறு. தென்கோடியிலிருந்து வந்தது என்றால் அவர்களுக்கு எப்போதுமே இளக்காரம்தான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

இசக்கிதுரை வந்தான். அந்த 310-ஆம் வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம் என்றான். மேடையில் அச்சடிக்க வைத்திருப்பது யாருடைய முகம் தெரியுமா? அவர்கள் கல்லூரித் தாளாளர் முகம். அன்றைக்கு மில் முதலாளி, இன்றைக்குத் தாளாளர். எந்தப் புதுமையும் கடைசியில் சம்பளம் போடுகிறவர் முகத்தில்தான் போய் முடிகிறது.

ஓடியது. தாளாளர் இட்லி மாதிரி வந்தார். மூக்கும் இல்லை, தாடையும் இல்லை. வட்டமாக வெந்திருந்தார்.

"அந்த அஞ்சு வரிதான் சார் மூக்கு, தாடை ஓரமெல்லாம் எடுத்துக் குடுக்கும் போல. அதுல என்ன சார் இருந்துச்சு?"

"நேத்துச் சாப்பிட்டதே ஞாபகம் இல்ல. முப்பத்தஞ்சு வருசம் ஆச்சுல்லா."

"நானே எழுதிச் சேத்துடலாம் சார். ஆனா அது ஒரிஜினல் ஆகாது சார். தாளாளர் ஒரிஜினல்னுதான் நோட்டீஸ்ல போட்டிருக்காரு சார். இந்த மூஞ்சியோட நான் அவர் முன்னால போய் நின்னேன்னா அவ்ளோதான் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

இசக்கிதுரை கைபேசியில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். வெளிச்சமான இடத்துக்குப் புள்ளி, இருட்டான இடத்துக்கு 'எம்' எழுத்து, நடுவில் மற்றவை என்று புரோகிராமில் ஒரு வரிசை உண்டு. மொத்தம் இருபது குறிகள். எதில் எவ்வளவு மை என்று இப்போதைய கருவியை வைத்து அளந்தானாம். மூன்று இடத்தில் எங்கள் வரிசை மாறி வருகிறது. ஆனால் கண்ணுக்கு எங்கள் வரிசைதான் சரியாகத் தெரிகிறது. 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க சார்?'

குரல் பதிவிலேயே பதில் சொன்னேன். நன்றாகவே வந்தது. "ஒவ்வொரு எழுத்தையும் பக்கம் முழுக்க அச்சடிச்சு, பஞ்சு குடோன் சுவர்ல வரிசையா ஒட்டினேன். நாப்பது அடி தள்ளிப்போய் நின்னு கண்ணாடியக் கழட்டிட்டுப் பார்த்தேன். கண்ணாடி இல்லேன்னா எழுத்து தெரியாது, கறுப்பு மட்டும்தான் தெரியும். எது கூடக் கறுப்பு, எது குறையன்னு மாத்தி மாத்தி ஒட்டினேன். மூணு நாள் ஆச்சு." அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த வடிவு கையை நிறுத்தியிருந்தாள்.

"கண்ணாடியா?"

"ஆமா."

"நீங்க மொதமொதல்ல கண்ணாடி போட்டது நம்ம மலர் பத்தாங்கிளாஸ் படிக்கையிலல்லா? டாக்டர்ட்ட நாந்தான கூட வந்தேன். அதுவரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வார பஸ் நம்பரு வரைக்கும் வாசிப்பிய."

"யார்ட்டயோ வாங்கிப் போட்டேன்."

"வாங்கினா போடுவாங்க. கழட்டுவாங்களா?"

உலகத்தில் உள்ள எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் தேதி ஞாபகம் இருக்கிறது. உப்புப் போட்டோமா என்பது மட்டும் ஞாபகம் இருப்பதில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் குடோன்ல உங்களோட வேற யாரு இருந்தா?"

"சௌந்தரின்னு ஒருத்தி. கம்ப்யூட்டர்ல கணக்கு அடிக்கிற பஞ்ச் ரூம்ல ஆப்பரேட்டர். எண்ணு அடிக்கதுக்கு வேணும்லா."

"அவ கண்ணாடி போட்டிருந்தாளா?"

மோட்டார் வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனேன். வரவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால் மேடையில் பேச உதவும்.

முதலாளியின் போட்டோவைப் பெரிதாக்கி, அதன்மேல் கட்டம் போட்ட வெண்ணெய்த்தாளை ஒட்டினோம். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து அது எவ்வளவு இருட்டு என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். நான் எண்ணைப் படிப்பேன், சௌந்தரி அடிப்பாள். குறுக்கே நூற்றுமுப்பது, கீழே நூறு. பதின்மூவாயிரம் எண்கள். ஒரு வாரம் ஆயிற்று. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முதல்முறை வந்த படத்தில் முதலாளிக்குக் குதிரை முகம். கடையில் வாங்கிய சதுரக் கட்டத் தாளைத்தான் நான் ஒட்டியிருந்தேன். அச்செழுத்து ஒவ்வொன்றும் அகலத்தைவிட உயரம் கூட, அதனால் சதுரக் கட்டத்தில் எடுத்தால் முகம் இழுபட்டுவிடும். சௌந்தரி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுத்தின் அளவுக்கு ஏற்ற நீள்கட்டத்தை ஸ்கேல் வைத்து அவளே கோடு போட்டாள். சின்னத் திருத்தம்தான்.

புரோகிராம் என்று பார்த்தால், அவள் டீ இடைவேளையில் மேனுவலை வைத்துக்கொண்டு ஏதோ அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆப்பரேட்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் ஒருமுறை கண்டித்திருக்கிறேன். நான் அந்த அறைக்குச் சூப்பர்வைசர். அந்த அறையில் நடந்தது எல்லாம் என் பொறுப்பில் நடந்தது. அந்த வகையில் அது என் புரோகிராம்தான்.

மேலே எழுதியதை மேடையில் பேச முடியாது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மில் ஓய்வூதியர் சங்கத்தில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். சர்க்கரை இருக்கிற ஐம்பது பேர் ஐம்பது மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

மில் டைம் ஆபீசில் வருகைக் கணக்குப் பார்த்த பிச்சையாவிடம் சௌந்தரியின் நம்பர் கேட்டேன். அவள் அதே வருடக் கடைசியில் மில்லை விட்டுப் போனவள். பிறகு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருந்தாள் என்று கேள்வி.

"சமாதானபுரத்துல தங்கச்சி மகள் வீட்டுல இருக்கு. பாவம்யா, கண்ணு ரெண்டும் போயிருச்சு. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கா? உள்ள விழித்திரை கழண்டுக்கிட்டாம்."

ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

போன் பண்ணினேன். அவளே எடுத்தாள்.

"சௌந்தரி, நான் மில்லு கம்ப்யூட்டர் செக்சன் கோமதிநாயகம் பேசுதேன்."

"கொரல வச்சே தெரிஞ்சுட்டு சார். ஏழு, ஏழு, ஆறு, நாலுன்னு ஒரு வாரம் காதுக்குள்ள படிச்ச கொரல்லா. நல்லா இருக்கியளா சார்?"

அந்தக் காலத்தில் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கு என்னவோ 'நீங்க' என்று வந்தது. கண்காட்சியைச் சொன்னேன். 640 முதல் 680 வரை அச்சில் விட்டுப்போயிற்று, டெல்லிக்காரன் கவனக்குறைவு, ஞாபகம் இருந்தால் சொன்னால் நல்லது என்றேன்.

640 முதல் 680 வரை என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அஞ்சு வரியுமா சார் போச்சு? மூணுல்லா போயிருக்கணும்?"

அவளிடம் எந்தக் கோபமும் தெரியவில்லை. கணக்கில் ஒரு தப்பைப் பார்த்த மாதிரிதான் கேட்டாள். போனில் வேண்டாம், ஒரு எண் மாறினாலும் கெட்டுவிடும், வீட்டுக்கே கம்ப்யூட்டரைக் கொண்டு வாருங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

மூன்று வரி விவகாரம். எழுதிவிடுகிறேன்.

பேஸிக்கில் ரெம் என்று ஆரம்பிக்கிற வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. மனிதர்கள் படிக்க வைக்கிற குறிப்பு. பத்திரிகைக்கு அனுப்பும்போது தேவையில்லாத குறிப்புகளை நீக்குவது வழக்கம். 640, 650, 660 மூன்றும் ரெம். அதற்குக் கீழே இரண்டும் அதைச் சேர்ந்தவை என்று நினைத்து ஐந்தையும் நீக்கினேன். அவை வேலை செய்யும் வரிகள் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று யாராவது கேட்கலாம். யாரும் கேட்கவில்லை.

பத்திரிகையைப் பார்த்து அடித்துப் பார்த்த வாசகர்கள் 640 எங்கே என்று எழுதிய கடிதங்கள் பதினொன்று வந்தன. கிழித்துப் போட்டேன். ஊர் ஊராக உட்கார்ந்து ஆறு பக்கத்தை அடித்துவிட்டு ஓடாமல் விழித்தவர்களை நினைத்தால், அந்தக் காலத்து மக்களுக்கு வேறு வேலையே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அந்த மூன்று ரெம்மில் என்ன இருந்தது என்று இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

வடிவும் வருகிறேன் என்றாள். எதற்கு என்றால், "கண்ணு தெரியாதவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போவியளா?" என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வீடு, சுத்தமான வீடு. சௌந்தரி பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடி இல்லாத முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வடிவின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "சாருக்கு நல்லா சமைச்சுப் போடுதியளோ? கொரலு கனத்திருக்கே" என்று சிரித்தாள். இரண்டு பேரும் பத்து நிமிடத்தில் நாற்பது வருடப் பழக்கம் போலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண்களுக்கு இது ஒரு வியாதி.

மடிக்கணினியைத் திறந்தேன். வடிவு என் தோளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"நான் சொல்லுதேன், நீங்க அடிங்க சார்" என்றாள் சௌந்தரி. "ஆறு நாப்பது. ரெம். முகம், எழுதியது ஞா. சௌந்தரி."

640 ரெம் என்று அடித்து என்டரைத் தட்டினேன்.

"ஆச்சா சார்?"

"ஆச்சு."

"ஆறு அம்பது. ரெம். பஞ்ச் ரூம், ரெண்டாவது ஷிப்ட்."

650 ரெம். என்டர்.

"ஆறு அறுவது. ரெம். மே பதினாலு, எம்பத்தெட்டு."

660 ரெம். என்டர்.

அடுத்த இரண்டு வரியையும் மெதுவாகச் சொன்னாள். அடைப்புக்குறி, கழித்தல், எண், எல்லாம். பக்கத்துக் கட்டத்தோடு இருட்டு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்து, ஒரு அளவுக்கு மேல் போனால் அங்கே சாய்கோடு போடுகிற இரண்டு வரி. முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு காற்புள்ளி தவறாமல் சொன்னாள். அதை ஒழுங்காக அடித்தேன்.

"வெரிஃபை பண்ணணும்லா சார். வாசிங்க."

பஞ்ச் ரூமில் அது சட்டம். அடித்ததை அப்படியே வாசித்துக் காட்டாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். திரையில் வெறும் ரெம் மூன்று நின்றன. நான் வாசித்தேன். "அறுநூத்தி நாப்பது. ரெம். முகம், எழுதியது ஞா. சௌந்தரி. அறுநூத்தி அம்பது. ரெம். பஞ்ச் ரூம், ரெண்டாவது ஷிப்ட்." குரல் ஒன்றும் நடுங்கவில்லை. எண் வாசித்துப் பழகிய குரல்.

"சரி சார்" என்றாள் சௌந்தரி.

வடிவு பி.யு.சி. வரை படித்தவள். திரையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அங்கே வைத்து ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வடிவு பேசவில்லை. மோட்டார் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கல்லூரிக்குப் போய் ஓட்டிப் பார்த்தோம். தாளாளருக்கு மூக்கு வந்தது, தாடை வந்தது, நெற்றியில் திருநீறுகூடத் தெரிந்தது. இசக்கிதுரை குதித்தான். "எப்படி சார் ஞாபகம் வந்துச்சு?"

"உக்காந்து யோசிச்சேன், வந்துட்டு" என்றேன்.

கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்று பார்த்தால் அந்த முகம் அப்படியே உயிரோடு இருக்கிறது. கிட்டே போனால் எழுத்துக் குப்பை. இதைக் கண்டுபிடித்தவளால் இனி எங்கே நின்றும் பார்க்க முடியாது. அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நாளைக்குப் போட வேட்டியா பேண்டா என்று வடிவிடம் கேட்டேன். "சால்வைக்கு எது பொருத்தமோ அதப் போடுங்க" என்றாள். ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் இது.

ஆகஸ்ட் 26, சனி

எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. தாளாளர் தன் முகம் வரி வரியாக வெளியே வருவதைப் பார்த்துக் குழந்தை மாதிரி கை தட்டினார். தன்னைவிட நல்ல காட்சி அவர் வாழ்க்கையில் இனி வராது. மாணவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்க்க வேண்டியதைத் திரையில் பார்த்தார்கள். நான் இருபது நிமிடம் பேசினேன். கண்ணாடிக் கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். புரோகிராம் முழுக்கப் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. "சார், 640, 650, 660 மூணும் வெறும் ரெம்மா இருக்கு. எதுக்கு சார் மூணு வெறும் வரி? ஏதாவது எழுதி இருந்துச்சா சார்?"

முதல் வரிசையில் வடிவு மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் சொன்னேன். "அது ஒண்ணும் இல்லம்மா. இடைவெளி விட்டா பாக்க அழகா இருக்கும்லா, அதுக்கு."

அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காலையில் எழுந்தபோது வடிவு இல்லை. சால்வையும் இல்லை. அடுப்பில் பால் காய்ச்சி மூடி வைத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு வந்தாள். முகத்தைக் கழுவினாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சமாதானபுரத்துக்குப் போனேன். சால்வையக் குடுத்தேன். நடந்ததச் சொன்னேன். அந்த மூணு வரில உங்க பேரு இல்லக்கா, அவங்க அடிக்கவே இல்லன்னு சொன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா?"

அவள் சொன்னாள்.

"'தெரியும் வடிவு'ன்னாங்க. 'முப்பது வருசம் கீ போர்டுதான எனக்குச் சோறு போட்டுச்சு. எத்தன எழுத்து விழுதுன்னு காது எண்ணிரும். எம்பேரு அடிச்சா நெறய சத்தம் வரணும். ரெம்மும் என்டரும்தான் விழுந்துச்சு'ன்னாங்க."

"அன்னைக்கே தெரியுமா?"

"மொத வரியிலயே தெரியும்னாங்க."

வடிவு எழுந்து கைபேசியை எடுத்து இசக்கிதுரைக்குப் போட்டு என் முன்னால் வைத்தாள். அவன் எடுத்தான், நேற்று எல்லாரும் பாராட்டியதைச் சொல்லிக்கொண்டே போனான். நான் குறுக்கிட்டு, அந்தப் புரோகிராமை நான் எழுதவில்லை, ஞா. சௌந்தரி என்று ஒருவர் எழுதினார், நான் கட்டத்தைப் பார்த்து எண் வாசித்தேன், கட்டமும் தப்பாகப் போட்டேன் என்றேன். அந்த மூன்று வரியில் என்ன போட வேண்டும் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டான். அந்தப் பெண்ணிடமும் சொல்லச் சொன்னேன். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மேனேஜர் நாற்காலியும் மெட்ராஸ் படிப்பும் அவளுக்குப் போயிருக்க வேண்டியவை. இந்த டைரியில்கூட அதை இதுவரை எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் ரெம்மிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான்கு வரி பாக்கி இருந்தது. கடைசி இரண்டில் ஒரு எண்ணை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேர் முன்னால் தாளாளர் மறுபடி இட்லியாக வந்திருப்பார், ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் ஒரு எண்ணையும் மாற்றவில்லை. தன் புரோகிராம் சரியாக ஓட வேண்டும் என்பதற்காக, அதைத் திருடியவனிடமே நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் மாற்றித்தான் சொல்லியிருப்பேன்.